அவளுக்கு மட்டும் திறந்த கதவு: வரலாற்று மர்ம நாவல்களில் நாயகியும் காதலும்

1921ஆம் ஆண்டு, பம்பாய். மலபார் ஹில் பகுதியில் ஒரு பெரிய பங்களா. ஆலை முதலாளியான வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். அவர் விட்டுச்சென்ற மூன்று மனைவியரும் அந்நிய ஆடவர் முகம் பார்க்காத கோஷாப் பெண்கள். தங்களுக்கு உரிய மஹரையும் (மணத்தின்போது கணவன் மனைவிக்கு உரிமையாக்கும் பொருள்) சொத்துகளையும் குடும்ப வக்ஃபு என்ற அறக்கட்டளைக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்று மூவர் பெயரிலும் ஒரு கடிதம் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வருகிறது. கையெழுத்துகளைப் பார்த்தால் ஐயம் எழுகிறது. ஆனால் அந்தப் பெண்களிடமே நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ள எந்த ஆண் வழக்கறிஞராலும் அந்த உள்கட்டுக்குள் கால்வைக்க முடியாது. பெர்வீன் மிஸ்திரி என்ற பார்சிப் பெண்ணால் மட்டுமே முடியும். ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்தவளாக இருந்தும், பெண் என்பதனாலேயே நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாட அவளுக்கு அனுமதி இல்லை. தந்தையின் அலுவலகத்தில் ஆவணங்களைப் படித்து, ஒப்பந்தங்களை எழுதிக்கொண்டிருக்கிறாள். சுஜாதா மாஸ்ஸி எழுதி 2018இல் வெளிவந்த 'தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்' நாவலின் அடித்தளம் இதுதான்.

ஒரே காரணம் அவளுக்கு நீதிமன்றத்தின் கதவை அடைக்கிறது. அதே காரணம் கொலை நடக்கவிருக்கும் வீட்டின் கதவைத் திறக்கிறது. பெண் துப்பறிவாளரை மையமாகக் கொண்ட வரலாற்று மர்ம நாவல்கள் பலவற்றை இயக்குவது இந்த முரண்தான் என்பது என் எண்ணம். பழைய காலத்து உடை, குதிரை வண்டி, எரிவாயு விளக்கு, இடையிடையே கொஞ்சம் காதல் என்று அலங்காரங்களைச் சேர்த்தால் இவ்வகை நாவல் கிடைத்துவிடும் என்று கருதுவோர் உண்டு. நல்ல நாவல்களில் இவை எதுவும் அலங்காரமாக நிற்பதில்லை. அக்காலத்துச் சட்டம் பெண்ணை எங்கே நிறுத்தியதோ அங்கிருந்தே புதிரும் பிறக்கிறது, காதலும் பிறக்கிறது.

பெர்வீன் வெறும் கற்பனை அல்ல. 1866இல் நாசிக்கில் பிறந்த கொர்னேலியா சொராப்ஜி, ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரியில் சட்டம் பயின்று 1892இல் தேர்வு எழுதினார். தேர்வு எழுத விட்ட பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கவில்லை. அதற்கு அவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1904இல், தாமே நிர்வகிக்க இயலாதோரின் ஜமீன்களை மேற்பார்த்த அரசு அமைப்பான வங்காளத்தின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ், திரைக்குப் பின்னால் வாழ்ந்த ஜமீன் குடும்பத்துப் பெண்களுக்குச் சட்ட ஆலோசனை கூறும் பணியில் அவரை அமர்த்தியது. வாரிசுச் சண்டைகள், போலி உயில்கள், காணாமற்போகும் நகைகள், நஞ்சு வைத்துவிடுவார்களோ என்ற அச்சம் ஆகியவற்றின் நடுவே வாழ்ந்த அப்பெண்களைப் பார்க்கப் படகிலும் பல்லக்கிலும் அவர் பயணம் செய்தார். 1916இல் ரெஜினா குஹா என்ற பெண் வழக்கறிஞராகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தபோது, சட்டத்தில் உள்ள 'நபர்' என்ற சொல் பெண்ணைக் குறிக்காது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் மறுத்தது. 1923ஆம் ஆண்டின் சட்டம்தான் அத்தடையை நாடு முழுவதும் நீக்கியது. நாவலாசிரியர் 1921ஐத் தேர்ந்தெடுத்தது தற்செயலன்று என்பது இதிலிருந்து புலப்படும்: கதவு திறக்க இன்னும் இரண்டே ஆண்டுகள் இருக்கின்றன, ஆனால் கதைக்குள் இருப்பவளுக்கு அது தெரியாது.

சென்னை வாசகருக்கு இந்நிலை அந்நியமாக இராது. திருவல்லிக்கேணியில் இன்றும் மக்கள் வாயில் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே வழங்கும் மருத்துவமனை 1885இல் தோன்றியதற்கு இதே காரணம்தான். ஆண் மருத்துவர் தொட்டுப் பார்க்க முடியாத பெண்களின் துன்பத்தைக் கண்ட மேரி ஷார்லீப், மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவராகப் படித்து வெளிவந்து, அம்மருத்துவமனை உருவாக உழைத்தார். மருத்துவம், சட்டம், துப்பறிதல் ஆகிய மூன்றிலும் பெண்ணுக்கு முதன்முதலில் இடம் கிடைத்தது, ஆண் நுழைய முடியாத அறையின் வாசலில்தான்.

இவ்வகை நாவலின் மூதாதை எது என்று கேட்டால், பலரும் சுட்டுவது அகதா கிறிஸ்டி 1944இல் வெளியிட்ட 'டெத் கம்ஸ் அஸ் தி எண்ட்' நாவலை. கதை நடப்பது ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தில், நைல் நதிக்கரையில் உள்ள தீப்ஸில். எகிப்தியலாளர் ஸ்டீபன் கிளான்வில் தூண்டியதால் எழுதப்பட்ட இந்நாவலுக்கு மூலமாக அமைந்தவை ஹெகநாக்த் என்ற நிலவுடைமையாளரின் கடிதங்கள். வெளியூரிலிருந்தபடி வீட்டாருக்குத் தானியக் கணக்குச் சொல்லும் அந்த மனிதர், தான் கொண்டுவந்த புதிய பெண்ணை வீட்டில் உள்ளவர்கள் மதிப்பதில்லை என்று கடிந்தும் எழுதுகிறார். நாலாயிரம் ஆண்டுகள் கடந்த ஒரு குடும்பச் சண்டையின் சுவடு அது. அதிலிருந்து கிறிஸ்டி ஒரு வீட்டைக் கட்டி எழுப்பினார்: கணவனை இழந்து பிறந்தகம் திரும்பும் ரெனிசென்ப், இளம் காமக்கிழத்தி ஒருத்தியை அழைத்துவரும் தந்தை, அதன்பின் அடுக்கடுக்காய் நிகழும் சாவுகள். கொலையாளி யார் என்ற வினா நடந்துகொண்டிருக்கும்போதே, ரெனிசென்ப் இரண்டு ஆண்களுள் யாரைத் தேர்ந்தெடுப்பாள் என்ற வினாவும் நடக்கிறது. இரண்டும் வெவ்வேறு வினாக்கள் அல்ல என்பதே நாவலின் நுட்பம். வீட்டில் யாரை நம்பலாம் என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். அதன் விடையே அவளது உயிரையும் மறுவாழ்வையும் தீர்மானிக்கப்போகிறது.

தமிழில் சரித்திர நாவலுக்கு ஆழ்ந்த வாசகப் பரப்பு உண்டு என்பதால் ஓர் ஒப்பீடு இங்கே பொருந்தும். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' நாவலின் நடுநாயகமான நிகழ்ச்சி ஒரு கொலை: ஆதித்த கரிகாலனின் கொலை. உடையார்குடிக் கல்வெட்டு அக்கொலையோடு தொடர்புடையோரின் பெயர்களைச் சொல்லி, அவர்கள் உறவினரின் சொத்துகள் பறிமுதலானதைப் பதிவுசெய்கிறது. நந்தினியும் குந்தவையும் சூழ்ச்சியின் நூல்களைப் பற்றி இழுப்பவர்கள், காதலுக்கும் குறைவில்லை. ஆயினும் கத்தியை வீசிய கை எது என்பதைக் கல்கி திட்டவட்டமாகச் சொல்லாமல் விட்டார். சரித்திர நாவலுக்கு அந்த உரிமை உண்டு. வரலாற்று மர்ம நாவலுக்கு அது இல்லை. வாசகர் முன் துப்புகளை நேர்மையாகப் பரப்பி, இறுதியில் விடையைக் கொடுத்தாக வேண்டும். பின்புலம் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு வகைகள்.

துப்புகள் என்றவுடன் கைரேகையும் ஆய்வகமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கைரேகைப் பிரிவு கல்கத்தாவில் 1897இலும் லண்டன் ஸ்காட்லாந்து யார்டில் 1901இலும்தான் அமைந்தது. அதற்கு முந்தைய காலத்தில் கதையை நிறுத்தும் எழுத்தாளர், வீட்டுக்குள் இருக்கும் அறிவையே சான்றாக்க வேண்டும். 1860ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி இரவு விடிவதற்குள் இங்கிலாந்தின் ரோட் ஹில் மாளிகையில் சேவில் கென்ட் என்ற சிறு குழந்தை கொல்லப்பட்டது. விசாரிக்க வந்த ஸ்காட்லாந்து யார்டு அதிகாரி ஜொனாதன் விச்சர், பதினாறு வயதான மூத்த தாரத்து மகள் கான்ஸ்டன்ஸ் மீது ஐயம் கொண்டார். அவருக்குக் கிடைத்த முக்கியமான துப்பு, இருக்க வேண்டியது இல்லாமற்போனது: சலவைக் கணக்கில் அவளுடைய இரவு உடை ஒன்று குறைந்தது. ஒரு கனவானின் வீட்டுக்குள் புகுந்து அவருடைய மகளின் உடுப்புகளைத் துருவுவதா என்று நாடே அவர்மேல் பாய்ந்தது, அப்பெண் விடுவிக்கப்பட்டாள், விச்சரின் பெயர் கெட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1865இல், கான்ஸ்டன்ஸ் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றுவதுண்டு. ஒரு வீட்டில் எத்தனை இரவு உடைகள் உள்ளன, எந்த நாளில் எது வெளுக்கப் போகும், கறை எதனால் பட்டால் எந்த நிறமாக மாறும், சமையலறையில் எலிப் பாஷாணம் எங்கே இருக்கும், எந்த வேலைக்காரப் பெண் எந்த மாடிப்படியில் எப்போது ஏறுவாள் என்பதெல்லாம் அவ்வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். காவல் அதிகாரி கேட்டால் வெட்கக்கேடாகத் தோன்றும் கேள்வியை, தேநீர் மேசையில் அமர்ந்திருக்கும் ஒரு பெண் இயல்பாகக் கேட்டுவிடலாம். புனைவில் பெண் துப்பறிவாளர்கள் அதிகாரம் பெறுவது இந்த அறிவின் மூலம்தான். ரோட் ஹில் வழக்குக்குப் பிறகு, 1864இலேயே லண்டனில் பெண் துப்பறிவாளர் ஒருவரை நாயகியாகக் கொண்ட கதைத் தொகுப்பு வெளிவந்தது. அப்போது பிரிட்டனின் காவல் துறையில் பெண் அதிகாரி ஒருவர்கூட இல்லை. கைதுசெய்யும் அதிகாரத்தோடு ஈடித் ஸ்மித் என்பவர் கிரந்தம் நகரில் பணியேற்றது 1915இல். அமெரிக்காவில் மட்டும் கேட் வார்ன் என்ற பெண் 1856இலேயே பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். ஆண்கள் நுழைய முடியாத இடங்களில் பெண்கள் இரகசியங்களைப் பெற முடியும் என்பதே அவர் அங்கு முன்வைத்த வாதமாகச் சொல்லப்படுகிறது.

இனிக் காதல். துப்பறியும் கதையின் பொற்காலம் எனப்படும் 1920களில் காதலுக்கு நல்ல பெயர் இல்லை. அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் எஸ். எஸ். வான் டைன் 1928இல் வகுத்த இருபது விதிகளில் மூன்றாவது, துப்பறியும் கதையில் காதல் கூடாது என்பது. குற்றவாளியை நீதியின் முன் நிறுத்துவதுதான் வேலை, காதலர்களை மணமேடைக்கு அனுப்புவது அல்ல என்பது அவர் கூறிய காரணம். அதே ஆண்டில் ஆங்கிலத் துப்பறியும் நாவலாசிரியர் டோரதி எல். சேயர்ஸும், காதல் இந்த வகையைக் கட்டிப்போடும் வழக்கம் என்று எழுதினார். ஆனால் இரண்டே ஆண்டுகளில் அவரே ஹேரியட் வேன் என்ற பாத்திரத்தைப் படைத்தார். 1930இல் வந்த 'ஸ்ட்ராங் பாய்சன்' நாவலில், முன்னாள் காதலனை ஆர்செனிக் வைத்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நிற்கிறாள் ஹேரியட். அவளைக் காப்பாற்ற முனையும் சேயர்ஸின் துப்பறிவாளன் பீட்டர் விம்சி, சிறையிலேயே தன்னை மணந்துகொள்ளுமாறு கேட்கிறான். அவள் மறுக்கிறாள்.

அந்தக் கூண்டில் ஹேரியட் நிற்பதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1889இல் லிவர்பூலில் ஃபுளோரன்ஸ் மேபிரிக் என்ற இளம்பெண், கணவனுக்கு நஞ்சு வைத்ததாக விசாரிக்கப்பட்டார். ஈ கொல்லும் காகிதங்களை நீரில் ஊறவைத்து ஆர்செனிக் எடுத்தார் என்பது குற்றச்சாட்டு. முகப்பூச்சுக்காக ஊறவைத்தேன் என்பது அவர் பதில். இறந்தவரோ தாமாகவே ஆர்செனிக் உட்கொள்ளும் பழக்கம் உடையவர் என்று ஃபுளோரன்ஸின் தரப்பு வாதிட்டது. நஞ்சு பற்றிய சான்று இவ்வளவு குழப்பமாக இருந்தபோது, அவருக்கு வேறோர் ஆணுடன் இருந்த உறவு நீதிபதியின் இறுதி உரையில் பெருமளவு இடம்பெற்றது. மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது குறைக்கப்பட்டு, 1904இல்தான் அவர் வெளியே வந்தார். காதலித்த பெண் கொல்லவும் கூடியவள் என்ற எண்ணம் நீதிமன்றத்துக்குள் சான்றுபோல் உலவிய காலம் அது. மணம் முடிக்காமல் ஒருவனோடு வாழ்ந்த ஹேரியட்டை நடுவர்கள் பார்க்கும் பார்வையில் அதே எண்ணம் தெரிகிறது. இத்தகைய காலத்தைக் களமாகக் கொள்ளும் மர்மக் கதையிலிருந்து காதலை நீக்கிவிட்டால் வழக்கின் பாதி காணாமற்போய்விடும். வான் டைனின் விதி, அறையில் கிடக்கும் பிணத்தை மட்டும் பார்க்கிறது. கூண்டில் நிற்கும் பெண் எதனால் ஐயத்துக்கு ஆளானாள் என்பதைப் பார்ப்பதில்லை.

உயிரோடு விட்டாலும் திருமணம் வேறொன்றைப் பறித்தது. மணமான பெண்ணின் சட்ட ஆளுமை கணவனுடையதில் அடங்கிவிடும் என்பது ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் பழைய கோட்பாடு; அவளுடைய பணமும் வருமானமும் அவன் கைக்குப் போகும். 1870இலும் 1882இலும் வந்த மணமகளிர் சொத்துச் சட்டங்கள்தான் அதைப் படிப்படியாக மாற்றின. மணவிலக்கில், மனைவியின் ஒழுக்கப் பிறழ்வு (வேறோர் ஆணுடன் உறவு) ஒன்றே கணவனுக்குப் போதும் என்று 1857ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. மனைவி கேட்டால் பிறழ்வோடு கொடுமையோ கைவிடலோ சேர்த்து நிறுவ வேண்டும். இங்கிலாந்தில் அந்த வேறுபாடு 1923இல் நீங்கியது. ஆகையால் ஒரு விக்டோரிய நாயகி தன்னை விரும்பும் ஆணிடம் ஐந்து நாவல்களாக 'சரி' என்று சொல்லாமல் இழுத்தடிக்கும்போது, அதைப் பதிப்பாளரின் வணிக உத்தி என்று மட்டும் தள்ளிவிடக் கூடாது. அவள் எதை இழக்கக்கூடும் என்று கணக்குப் பார்க்கிறாள். அந்தக் கணக்கு நியாயமானது.

எலிசபெத் பீட்டர்ஸ் என்ற புனைபெயரில் எழுதிய பார்பரா மெர்ட்ஸ், 1975இல் தொடங்கிய அமேலியா பீபடி வரிசையில் இதை நேராகவே எதிர்கொள்கிறார். முதல் நாவலான 'கிராக்கடைல் ஆன் தி சாண்ட்பேங்க்' நடப்பது 1884இல். முப்பது வயதைக் கடந்த, தந்தையின் சொத்து முழுவதையும் பெற்ற, திருமணத்தில் நாட்டமில்லாத அமேலியா, கையில் குடையோடு எகிப்துக்குப் புறப்படுகிறாள். பணம் கைக்கு வந்ததும் தன்னைச் சூழும் வரன்களை அவள் துல்லியமாக எடைபோடுகிறாள். அகழ்வாராய்ச்சியாளர் எமர்சனோடு அவளுக்கு ஏற்படும் காதல் சண்டையில் தொடங்கி, வேலையில் வளர்கிறது. பானை ஓட்டை வரிசைப்படுத்துவதும் சுவரோவியத்தைக் காப்பதும் அவர்களுக்கிடையே கொஞ்சலாகவே ஆகின்றன. மெர்ட்ஸ் 1952இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எகிப்தியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அமேலியாவுக்குப் பின்னணியாக நிற்பவர், நைல் பயண நூலை 1877இல் வெளியிட்டு, 1882இல் எகிப்து அகழாய்வு நிதியத்தைத் தொடங்க முன்நின்ற அமேலியா எட்வர்ட்ஸ். பெண் வழிகாட்டியாகவும் ஆராய்ச்சியாளராகவும் இயங்கியதற்கு வரலாற்றிலேயே முன்மாதிரி இருந்ததால், நாவலின் நாயகி அவள் காலத்துக்குள் பொருந்தி நிற்கிறாள்.

ஹேரியட்டின் கதைக்குத் திரும்பினால், அவள் ஏன் மறுத்தாள் என்பதற்கு விடை 1935இல் வந்த 'கௌடி நைட்' நாவலில் கிடைக்கிறது. தூக்கு மேடையிலிருந்து மீட்டவனுக்குப் பட்ட நன்றிக்கடன், காதலைக் கறைப்படுத்திவிடும் என்பது அவள் அச்சம். பெண்கள் கல்லூரி ஒன்றில் யாரோ ஒருவர் நச்சுக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருக்க, அதை விசாரிக்கும் ஹேரியட், அறிவுழைப்பும் இல்லறமும் ஒருத்தியிடம் சேர்ந்திருக்க முடியுமா என்ற கேள்வியையும் சேர்த்தே விசாரிக்கிறாள். குற்றத்தின் காரணமும் அதே கேள்வியிலிருந்து முளைத்திருப்பது தெரியவரும்போது, மர்மமும் காதலும் ஒரே புள்ளியில் அவிழ்கின்றன. இறுதியில் பீட்டர் அவளிடம் கேட்கும் கேள்வி, ஆக்ஸ்ஃபோர்டு பட்டமளிப்பில் வழங்கும் லத்தீன் வாசகத்தின் வடிவில் இருக்கிறது. பட்டம் பெற்ற ஒருவர் மற்றொரு பட்டதாரியிடம் கேட்பதுபோல. ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1920இல். அதைப் பெற்ற முதல் பெண்களில் சேயர்ஸும் ஒருவர். 'கௌடி நைட்' எழுதப்பட்ட காலத்தில் சமகால நாவல்தான். ஆனால் பின்னாளில் வந்த வரலாற்று மர்மக் கதைகளின் காதலர்கள் பெரும்பாலும் இந்த இருவரின் வாரிசுகள்.

அரியானா பிராங்க்ளின் எழுதிய 'மிஸ்ட்ரஸ் ஆஃப் தி ஆர்ட் ஆஃப் டெத்' நாவலில் காலம் 1171க்குப் போகிறது. பெண்களும் மருத்துவம் கற்ற இத்தாலியின் சலேர்னோவிலிருந்து, கேம்பிரிட்ஜில் குழந்தைகள் கொல்லப்படுவதை விசாரிக்க அடேலியா அனுப்பப்படுகிறாள். அங்கே யூதர்கள்மீது பழி சுமத்தப்பட்டிருக்கிறது. அவள் பிணங்களை ஆராய்ந்து உண்மையைச் சொல்லத் தெரிந்தவள்; ஆனால் இங்கிலாந்தில் அதை வெளிப்படையாகச் செய்தால் சூனியக்காரி என்று எரித்துவிடுவார்கள் என்பதால், உடன் வந்த ஆண் ஒருவரை மருத்துவராக முன்னிறுத்தி, தான் உதவியாளராக நடிக்கிறாள். அவளை விரும்புபவனை மணந்தால் அவள் ஒரு பிரபுவின் மனைவியாக இருப்பாள். மருத்துவராக இருக்க முடியாது. அந்த இடத்தில் அவள் எடுக்கும் முடிவை நாவலிலேயே படிப்பது நல்லது. நான் படித்த வரையில் இவ்வகையில் மிகவும் துணிவான காதல் பகுதி அதுதான்.

பெர்வீனின் நிலை இவர்கள் எல்லாரையும்விடக் கடினமானது, ஏனென்றால் அவள் ஏற்கெனவே மணமானவள். இளவயதில் காதலித்துக் கைப்பிடித்த கல்கத்தாக்காரனின் வீட்டில், மாதவிலக்கு நாள்களில் தனியறையில் அடைத்துவைக்கும் வழக்கத்தையும் வன்முறையையும் சந்தித்துத் தப்பி வந்தவள். அப்போது நடப்பிலிருந்த 1865ஆம் ஆண்டின் பார்சித் திருமண, மணவிலக்குச் சட்டத்தில், கணவன் விலைமகளிடம் போவது மனைவி மணவிலக்குக் கோரப் போதிய காரணமாகக் கருதப்படவில்லை. அவளால் சட்டப்படி பிரிந்து வாழ முடிந்தது. மறுமணம் செய்ய முடியாது. பின்வந்த நாவல்களில் காலின் சாண்டிரிங்காம் என்ற ஆங்கிலேயனோடு ஓர் ஈர்ப்பு மெல்ல வளரும்போது, அவர்கள் தனியாகப் பேசும் ஒவ்வொரு காட்சியிலும் மூன்று தடைகள் கூடவே அமர்ந்திருக்கின்றன: அவளுடைய செல்லுபடியாகும் திருமணம், சமூகத்தின் கட்டு, ஆள்பவனுக்கும் ஆளப்படுபவளுக்கும் உள்ள இடைவெளி. 1921 நவம்பர் 17இல் வேல்ஸ் இளவரசர் பம்பாயில் இறங்கியபோது வெடித்த கலவரத்தைப் பின்னணியாகக் கொண்ட 'தி பாம்பே பிரின்ஸ்' நாவலில், அந்த இடைவெளி தெருவிலேயே தெரிகிறது. ஒருவர் கையை ஒருவர் தொடுவதே பெரிய நிகழ்ச்சியாகும்படி எழுத ஆசிரியருக்கு அவ்வரலாறு உதவுகிறது. அந்தப் பார்சி மணவிலக்குச் சட்டம் மாறியது 1936இல்.

தடையை மதிக்காத நாயகியும் உண்டு. கெரி கிரீன்வுட் 1989இல் அறிமுகப்படுத்திய ஃபிரைனி ஃபிஷர், 1928ஆம் ஆண்டின் மெல்பர்னில் தானே கார் ஓட்டி, தானே காதலர்களைத் தேர்ந்து, யாரையும் மணக்காமல் வாழ்பவள். வறுமையில் பிறந்து, போரில் வாரிசுகள் மாண்டதால் தந்தைக்குப் பட்டமும் செல்வமும் வந்து சேர்ந்த குடும்பத்தவள் என்பதால், அவளுடைய சுதந்திரத்துக்குப் பணம் ஒரு காரணமாகக் காட்டப்படுகிறது. நாவல்களில் காவல் அதிகாரி ஜாக் ராபின்சன் மனைவியோடு நிறைவாக வாழும் மனிதர். 2012இல் தொலைக்காட்சித் தொடராக்கியபோது, அவரையே நாயகியின் தயங்கும் காதலராக மாற்றினார்கள். பார்வையாளர்கள் அதை மிகவும் விரும்பினார்கள். ஆனால் அம்மாற்றத்தில் ஒன்று இழக்கப்பட்டது என்றே எண்ணுகிறேன்: ஓர் ஆணும் பெண்ணும் காதலின்றியே வேலையில் ஒருவரை ஒருவர் மதிக்கும் அரிய உறவு நாவலில் இருந்தது.

எல்லா நாவல்களும் இந்த உயரத்தில் இல்லை. பலவற்றில், நாயகி இன்றைய கருத்துகளை அன்றைய உடையில் பேசுகிறாள். அவளைச் சுற்றியுள்ள கெட்டவர்கள் எல்லாரும் பிற்போக்காளர்களாகவும் நல்லவர்கள் எல்லாரும் காலத்தை மீறியவர்களாகவும் இருக்கிறார்கள். இடுப்பை இறுக்கும் கோர்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் விடுதலை வந்துவிடுகிறது. நான் ஒரு நாவலை எடைபோடும் முறை எளியது: நாயகி விதியை மீறும்போது அதற்கு ஏதாவது விலை கொடுக்கிறாளா என்று பார்ப்பேன். கொர்னேலியா சொராப்ஜி முப்பது ஆண்டுகள் காத்திருந்தார் என்பது வரலாறு. இரண்டாம் அத்தியாயத்திலேயே எல்லா ஆண்களையும் வாயடைக்கச் செய்யும் நாயகி அந்தக் காத்திருப்பை இல்லாததாக்கிவிடுகிறாள். வேலைக்காரர்களும் குடியேற்ற நாட்டு மக்களும் எப்படி வருகிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. அமேலியா பீபடி வரிசையின் தொடக்க நாவல்களில் எகிப்தியர் பெரும்பாலும் பின்னணியில் நிற்பவர்கள். வரிசை வளர வளர அவர்களுக்கு முகமும் குரலும் உறவும் கிடைக்கின்றன. பீட்டர்ஸின் வளர்ச்சியையே அதில் காணலாம்.

இவற்றைத் தொடர் வரிசைப்படி படிப்பதே சிறந்தது. கொலை ஒவ்வொரு நூலிலும் முடிந்துவிடும். காதல் நூலிலிருந்து நூலுக்கு நகரும். ஜாக்குலின் வின்ஸ்பியரின் மெய்சி டாப்ஸ் வரிசை 2003இல் தொடங்கி 2024இல் பதினெட்டாவது நூலோடு நிறைவுற்றது. பணிப்பெண்ணாக ஒரு பிரபு வீட்டில் சேர்ந்து, கேம்பிரிட்ஜ் சென்று, போர்க்களத்தில் செவிலியாக இருந்து, பின் துப்பறிவாளராகும் அவளுடைய காதலை முதல் உலகப் போர் குலைத்த விதம், வரிசையை இடையில் திறந்து படிப்பவருக்குப் புரியாது. 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களைவிடப் பெண்கள் 17 இலட்சத்துக்கும் மேல் அதிகமாக இருந்தனர். அவர்களை 'உபரிப் பெண்கள்' என்று நாளேடுகள் எழுதின. மெய்சி அலுவலகப் பலகை மாட்டித் தொழில் தொடங்கும் 1929இல், அவளிடம் வழக்குக் கொண்டுவருவோர் பலரும் அந்தப் போரின் எச்சத்தையே சுமந்து வருகிறார்கள்.

நூலின் இறுதியில் உள்ள ஆசிரியர் குறிப்பைத் தவறாமல் படிக்க வேண்டும். எந்தச் சட்டம் உண்மை, எந்தத் தெரு கற்பனை என்பது அங்கேதான் தெரியும். ஆனால் கதையை முடித்தபின் படிக்க வேண்டும். தமிழ் வாசகர் ஒருவர் எங்கிருந்து தொடங்கலாம் என்று என்னைக் கேட்டால், மலபார் ஹில் பங்களாவிலிருந்தே என்பேன். மூன்று விதவைகளும் ஒரே வீட்டில் இருந்தாலும் அவர்களுடைய பிறப்பும் கல்வியும் அச்சங்களும் வேறு. ஒருத்தி மறைப்பது மற்றவளுக்குத் தெரியாது. பெர்வீன் அவர்களோடு தனித்தனியாக அமர்ந்து, மஹர் என்றால் என்ன, வக்ஃபு என்றால் என்ன, கையெழுத்திட்டால் எது போகும், மறுத்தால் எது மிஞ்சும் என்று பொறுமையாக விளக்குகிறாள். தன் சொத்து தன்னுடையதுதான் என்பதை ஒரு பெண் முதன்முறையாகக் கேட்டறியும் அந்த இடத்திலிருந்து, கொலைக்கான காரணம் வெகு தொலைவில் இல்லை.